விடியற்காலையில் நீந்துவது உடம்புக்கு நல்லதா?

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

எனக்கு 54 வயது. எடை 82 கிலோ. ஆறு வருடமாக பிபி உண்டு, மெட்டோப்ரோலால் மாத்திரை போடுகிறேன். சுகருக்கு மெட்ஃபார்மின். முழங்கால் வலியால் நடைப்பயிற்சியை விட்டுவிட்டு, நான்கு மாதமாக எங்கள் குடியிருப்பின் திறந்தவெளி நீச்சல் குளத்தில் நீந்துகிறேன். காலை ஐந்தரைக்கு இறங்குவேன்; அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். லைஃப்கார்ட் ஆறரைக்குத்தான் வருவார். சாவி என்னிடம் இருப்பதால் கூட்டம் இல்லாமல் நிம்மதியாக நீந்த முடிகிறது. கடைசியில் ஒரு லேப் நீருக்கடியிலேயே மூச்சடக்கிப் போய் முடிப்பேன், அதில் ஒரு தனி சந்தோஷம்.

விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் இதயத்துக்கு ஆகாது, காலையில்தான் மாரடைப்பு அதிகம் வரும், மாலையில் போங்கள் என்கிறார் மனைவி. காலையில் வெறும் வயிற்றில் நீந்தினால்தான் கொழுப்பு கரையும் என்கிறார் நண்பர். எடையோ இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நீந்தி முடித்துப் பார்த்தால் சில நாள் சுகரும் ஏறியிருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பு 110-க்கு மேல் காட்டுவதில்லை. தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே சிறுநீர் முட்டுகிறது. ஈரத் தலையால் சைனஸ் வருமா? காலை நீச்சலைத் தொடரலாமா?

மருத்துவரின் பதில்:

வணக்கம். நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்குக் கவலை தந்தன. அவற்றை முதலில் பேசிவிடுகிறேன். காலையா மாலையா என்பது பிறகு வரட்டும், அதில் அவ்வளவு அவசரம் இல்லை.

ஒன்று, ஆளில்லாத குளத்தில் தனியாக இறங்குவது. 54 வயது, பிபி, சுகர், விடிந்தும் விடியாத நேரம், பக்கத்தில் யாரும் இல்லை. தனித்தனியாக எடுத்தால் இதில் எதுவும் பெரிய விஷயமில்லை. எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் பயம். நடந்துகொண்டிருக்கும்போது தலை சுற்றினால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். மயங்கியே விழுந்தாலும் சிராய்ப்போடு எழுந்துவிடலாம். அதே மயக்கம் தண்ணீரில் வந்தால் முகம் தண்ணீருக்குள் கிடக்கும். சில நொடி மயக்கமே போதும். நீச்சலில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் நினைவில்லாத உடம்புக்கு நீந்தத் தெரியாது.

தண்ணீரில் சிக்கியவர் கையை ஆட்டி, கத்திக் கூப்பிட்டு உதவி கேட்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். மூச்சு விடுவதற்கே வாய் போதாதபோது கத்துவதற்கு ஏது மூச்சு? கைகள் தானாகவே பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும், உயர்த்தி ஆட்ட வராது. 20 முதல் 60 நொடிக்குள் ஆள் அமிழ்ந்துவிடலாம், சத்தமே இல்லாமல். அதன் பிறகு மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் மீட்டாலும் பழைய மனிதராகக் கிடைப்பது கடினம். நீங்கள் இறங்குவது ஐந்தரைக்கு, லைஃப்கார்ட் வருவது ஆறரைக்கு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனவே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது கூட ஓர் ஆளை அழைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நீந்த வேண்டும் என்பதில்லை. கரையில் செல்போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், மிதவை வளையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், முதலுதவி கற்றிருந்தால் இன்னும் நல்லது. நீரில் மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவது மட்டும் போதாது. வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊத வேண்டும். ஏனென்றால் அவருக்கு முதலில் தீர்ந்துபோனது ஆக்சிஜன். இதைப் பயிற்சி வகுப்பில் ஒரு பொம்மை மேல் செய்து பார்த்தால்தான் கை பழகும்.

இரண்டாவது, அந்தக் கடைசி நீருக்கடி லேப். இதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மூச்சடக்கும்போது 'இனி முடியாது' என்று நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அல்ல. ரத்தத்தில் கரியமில வாயு சேர்வது. மூழ்குவதற்கு முன் நான்கைந்து முறை வேகமாக ஆழ்ந்து மூச்சு இழுத்துவிட்டால் அந்த வாயு வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் இருப்போ அதனால் சொல்லும்படி கூடுவதில்லை. விளைவு, எச்சரிக்கை மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். தவிப்பு இல்லை, போராட்டம் இல்லை. கரையில் நிற்பவருக்கு ஆள் ரசித்து மூச்சடக்கிக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றும். அரை மணி நேரம் நீந்திக் களைத்தபின் செய்தால் இன்னும் மோசம், தசைகள் ஏற்கெனவே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. இப்படிப் போனவர்களில் இளம் வயதினரும் தேர்ந்த நீச்சல்காரர்களும் நிறைய. சந்தோஷமாக முடிக்க வேண்டுமென்றால் மல்லாந்து மிதந்து முடியுங்கள்.

இனி உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. மாரடைப்பு காலை ஆறு மணி முதல் நண்பகல் வரை அதிகம் வருகிறது என்பது 1980-களிலிருந்தே நன்றாகப் பதிவான விஷயம். தூங்கி எழும்போது கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன, ரத்த அழுத்தம் விறுவிறுவென உயர்கிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்காகக் காலையில் உடற்பயிற்சி செய்வதே ஆபத்து என்று முடிவு கட்டிவிட முடியாது. இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி மையங்களில் காலையில் பயிற்சி செய்தவர்களையும் மதியத்துக்குப் பின் செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் பாதிப்புகள் மிக அரிது. சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எல்லோருமே மேற்பார்வையில் இருந்தார்கள், மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடித்தார்கள்.

ஆகவே, நேரத்தைவிடத் தொடங்கும் விதம்தான் முக்கியம். நீச்சல் தரும் பலன் காலையானாலும் மாலையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் உடம்பு இருக்கும் நிலைதான் வேறு. உடல் வெப்பநிலை நாளிலேயே மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன். உச்சம் தொடுவது பிற்பகல் கடந்து மாலையில். காலையில் மூட்டுகள் இறுகியிருக்கும், தசைகள் மந்தமாக இருக்கும். 2004 முதல் 2016 வரை நடந்த நான்கு ஒலிம்பிக்குகளின் நீச்சல் நேரங்களை அலசியபோது வீரர்கள் மிக வேகமாக நீந்தியது மாலை ஐந்து மணியை ஒட்டித்தான் என்று தெரிந்தது. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே. பதக்கத்துக்கு அது பெரிது, உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமே இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தொலைக்காட்சி வசதிக்காக நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் வைத்தார்கள்; மைக்கேல் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் வென்றது அங்கேதான். காலை உடம்பும் நீந்தும், தயார்ப்படுத்தினால்.

எப்படித் தயார்ப்படுத்துவது? எழுந்ததும் நேராகக் குளத்துக்கு ஓடாதீர்கள். எழுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் அரை மணி நேரமாவது இருக்கட்டும். கரையில் ஐந்து நிமிடம் நடந்து, தோள்களைச் சுழற்றி, கணுக்காலை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள். குதிக்க வேண்டாம், படி வழியாக இறங்கி, மார்பளவு நீரில் ஒரு நிமிடம் நின்று, மூச்சு சீரானதும் தொடங்குங்கள். முதல் நான்கு லேப் தூக்கமே வந்துவிடும் போல மெதுவாக இருக்கட்டும்.

மார்பளவு நீரில் நிற்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. கழுத்துவரை நீரில் நிற்கும்போது நாலா பக்கமும் நீர் அழுத்துவதால், காலிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த ரத்தம் சுமார் 700 மில்லி அளவுக்கு மார்புக் கூட்டுக்குள் ஏறுகிறது. இதயம் நிறைகிறது, விரிகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வழக்கத்தைவிட அதிக ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நீங்கள் கை காலை அசைப்பதற்கு முன்பே நடக்கும் வேலை இது. ஆரோக்கியமான இதயத்துக்கு இது நல்ல பயிற்சி. இதயம் பலவீனமானவருக்கு, கால் வீக்கமும் படுத்தால் மூச்சுத் திணறலும் உள்ளவருக்கு, இதுவே சுமை. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆழமான நீரில் இறங்கக் கூடாது.

உங்களுக்குச் சிறுநீர் முட்டுவதற்கும் இதுதான் காரணம். மார்பில் ரத்தம் கூடியதும் உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்புக் கணக்குப் போடுகிறது. அதன் மேலறைகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்திடம் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கின்றன. நோய் எதுவும் இல்லை. இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, முடித்தபின் ஒன்றிரண்டு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நீந்தும்போதும் வியர்க்கிறது, தெரிவதில்லை அவ்வளவுதான்.

இறங்குவதைப் போல ஏறுவதிலும் கவனம் வேண்டும். நீரிலிருந்து வெளியே வந்த கணத்தில் அந்த அழுத்தம் விலகி ரத்தம் மீண்டும் காலுக்கு இறங்கும். பிபி மாத்திரை போடுபவருக்கு அப்போது கண் இருட்டலாம். ஆழமில்லாத பக்கத்தில் இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஏறி, உடனே ஓர் இடத்தில் உட்காருங்கள்.

தண்ணீரின் குளிர்ச்சி பற்றி. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 26 டிகிரி காற்று இதமாக இருக்கும், 26 டிகிரி நீர் சில்லென்றிருக்கும். போட்டிக் குளங்களை 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். நீந்திக்கொண்டே இருப்பவருக்கு அது சரி. மூட்டு வலிக்காரர்களுக்கான நீர்ப் பயிற்சிக் குளங்கள் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் கதையே வேறு. இறங்கிய முதல் ஓரிரு நிமிடம் தன்னையறியாமல் மூச்சு வாங்கும், அழுத்தம் எகிறும், துடிப்பு தாறுமாறாகும். அந்தக் குளிர்ந்த நீர் உங்களுக்கு வேண்டாம். திறந்தவெளிக் குளம் இரவில் நன்றாகவே குளிர்ந்துவிடும் என்பதால் ஒரு நீர் வெப்பமானி வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எண் தெரிந்தால் வீட்டில் வாக்குவாதமும் குறையும்.

பிபி-க்கு நீச்சல் நல்லதா என்றால், நல்லதுதான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயது தாண்டிய, அழுத்தம் சற்றே கூடியிருந்த 43 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. 12 வாரம் நீந்தியவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 131-லிருந்து 122-க்கு இறங்கியிருந்தது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது பக்கத்தில் வரும். அதற்காக மாத்திரையை நிறுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, காலையில் அளந்து பார்க்கும்போது அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று குளம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் வாட்ச் 110-லேயே நிற்பதற்கு வருவோம். இதில் மூன்று காரணம் சேர்ந்திருக்கிறது. உடம்பு படுத்த நிலையில் இருப்பதாலும் நீர் அழுத்துவதாலும், நிலத்தில் ஓடும்போது எட்டும் உச்சத் துடிப்பைவிட நீச்சலில் எட்டும் உச்சம் பத்து, பன்னிரண்டு குறைவாக இருப்பது இயல்பு. மெட்டோப்ரோலாலின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவது. கூடவே, மணிக்கட்டுக்கும் வாட்ச் சென்சாருக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை வைத்து நீங்கள் துரத்திக்கொண்டிருந்தால், உடம்பைத் தேவையில்லாமல் வதைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். அந்தச் சூத்திரம் உங்கள் மாத்திரையைக் கணக்கில் எடுக்காது. அதற்குப் பதிலாக மூச்சைக் கேளுங்கள். ஒரு லேப் முடித்துச் சுவரைப் பிடித்ததும் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேசவே வரவில்லை என்றால் கூடிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. உங்கள் ஐந்து அரை மணி நேரங்கள் சரியாக 150-ஐத் தொடுகின்றன, எனவே நாடியை விரட்ட வேண்டிய கட்டாயமே உங்களுக்கு இல்லை.

சுகர் ஏறுவது பலரையும் குழப்பும் விஷயம். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் காலையில் ஏன் ஏறுகிறது? விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலைத் தட்டி எழுப்பி, சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடச் சொல்கின்றன. அந்த நேரத்தில் நீங்கள் முழு மூச்சில் நீந்தினால் அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. தசை எடுத்துக்கொள்வதைவிட கல்லீரல் அதிகமாக விட்டுவிட்டால் மீட்டரில் எண் கூடும். இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களிடம் நடத்திய ஒரு சிறிய ஆய்வில் சைக்கிளில் கடும் வேகப் பயிற்சி தந்தார்கள். மதியத்துக்குப் பின் செய்தபோது சுகர் குறைந்தது, காலையில் செய்தபோது ஏறியது. சிறிய ஆய்வுதான், நீச்சலும் அல்ல. ஆனாலும் உங்கள் மீட்டர் சொல்வதோடு பொருந்துகிறது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். முடித்த உடனே அளப்பதைவிட இரண்டு மணி நேரம் கழித்து அளப்பது உண்மையை நன்றாகச் சொல்லும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-தான் கடைசித் தீர்ப்பு. ஒரு காலை நேரத்து எண்ணை வைத்து நீச்சலைக் குறை சொல்ல வேண்டாம்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு நீந்தும்போது சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: இறங்கும் முன் கட்டாயம் அளந்து பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு பழமாவது சாப்பிட்டுவிட்டு, சுகர் ஏறியபின் குளத்தில் இறங்குங்கள். வெறும் வயிற்று நீச்சல் உங்களுக்கானதே அல்ல. தாழ்சர்க்கரையின் நடுக்கமும் வியர்வையும் தண்ணீரில் சட்டென்று தெரியாது.

அந்த நண்பர் சொன்ன கொழுப்பு விஷயம் ஓரளவுக்கு அறிவியல்தான், ஆனால் பாதியில் நின்றுவிட்ட அறிவியல். வெறும் வயிற்றில் பயிற்சி செய்யும்போது அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரியும், சரி. ஆனால் நாள் முழுக்கச் சாப்பிட்டது ஒரே அளவென்றால் சில வாரங்களுக்குப் பின் உடலில் கொழுப்பு குறைவதில் வித்தியாசம் தெரிவதில்லை. காலையில் கூடுதலாக எரிந்ததை மதியம் உடம்பு ஈடுகட்டிவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு நீந்தினால் தசைப்பிடிப்பு வந்து மூழ்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பெரிய ஆதாரம் கிடையாது. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவியல் குழு இதை அலசி, சாப்பிடுவது மூழ்கும் அபாயத்தைக் கூட்டுவதாகச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டு நீந்தினால் அசௌகரியம், அவ்வளவே. உங்களுக்குச் சிறிதாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குவது சௌகரியமென்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

எடை ஏன் கூடியது? கணக்கைப் பார்ப்போம். உங்கள் எடைக்கு மிதமான ஃப்ரீஸ்டைல் அரை மணி நேரம் இடைவிடாமல் நீந்தினால் ஏறக்குறைய 240 கலோரி செலவாகும். இடையில் சுவரைப் பிடித்து நிற்கும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. நீச்சலுக்குப் பின் வரும் பசியோ அந்த 240-ஐப் பத்தே நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். இது மனக் கட்டுப்பாடு இல்லாததால் வரும் பசி அல்ல, குளிர் நீரின் வேலை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 20 டிகிரி நீரிலும் 33 டிகிரி நீரிலும் ஒரே அளவு பயிற்சி செய்ய வைத்து, பிறகு விரும்பியதைச் சாப்பிடச் சொன்னார்கள். குளிர் நீரிலிருந்து வந்தவர்கள் 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஓடிவிட்டு வந்தால் உடம்பு சூடாகிப் பசி கொஞ்ச நேரம் அடங்கும். குளிர்ந்த குளத்திலிருந்து வந்தால் அந்த வசதி இல்லை. குளித்து, உடம்பு சூடாகி, தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் கழித்துத் தட்டின் முன் உட்காருங்கள். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீந்துவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பசியோடு எடுக்கும் முடிவை நம்ப வேண்டாம்.

எடை கூடுவதில் தூக்கத்துக்கும் பங்கு இருக்கலாம். ஐந்தரைக்குக் குளத்தில் இருக்க நான்கரை, ஐந்துக்கு எழ வேண்டும். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதினொன்றரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுகிறீர்கள் என்றால், நீச்சல் தரும் நன்மையில் பெரும் பங்கைத் தூக்கக் குறைவு பறித்துக்கொள்ளும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அழுத்தம் ஏறும், சுகரும் அடங்காது. ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாத காலை நீச்சலைவிட, தூங்கி எழுந்து ஆறரைக்கு லைஃப்கார்ட் வந்ததும் இறங்குவது மேல். அப்படிச் செய்தால் நான் முதலில் சொன்ன கவலையும் தீர்ந்துவிடும்; கூட்டத்தைக் கொஞ்சம் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, உங்களுக்குக் காலையே நல்லது என்று நான் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் நான்கு மாதமாக விடாமல் போயிருக்கிறீர்கள். மாலைக்கு மாற்றியவர்களில் பலர், கடைசி நிமிட வேலை, விருந்தாளி, அசதி என்று ஒரே மாதத்தில் நின்றுவிடுவதை நான் பார்க்கிறேன். திறந்தவெளிக் குளத்தில் காலைக்கு வேறு இரண்டு வசதிகளும் உண்டு. புற ஊதாக் கதிர் குறைவு. பகல் பத்து முதல் நான்கு வரைதான் தோலுக்கு மோசமான நேரம். தண்ணீரும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். நீரில் உள்ள குளோரினை வெயில் சிதைக்கும், நீந்துபவர்களின் வியர்வை தின்னும். ஆளும் வெயிலும் வராத காலையில் அது மிச்சம் இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும் குளத்தில் குளோரின் நிறைய இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடி. கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். எல்லோரும் இறங்கும் முன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். குளத்தின் பொறுப்பில் நீங்கள் இருந்தால் நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் குளோரின் போட்டும் பயனில்லாமல் போகும்.

ஈரத் தலையால் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருவது. ஆனால் குளோரின் நீர் மூக்குக்குள் போனால் உள்ளே எரிந்து வீங்கும், ஏற்கெனவே சைனஸ் தொல்லை இருப்பவருக்கு அது கூடும். மூக்குக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது நீரில் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடப் பழகுங்கள். காதில் நீர் தங்கினால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக் குச்சியால் குடைய வேண்டாம். கான்டாக்ட் லென்ஸோடு நீந்தவே கூடாது.

முழங்காலுக்கு நீச்சல் அருமையான தேர்வு. மார்பளவு நீரில் நிற்கும்போது உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். ஆனால் எந்த ஸ்ட்ரோக் என்று எழுதவில்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்றால் அந்தத் தவளை உதை முழங்காலின் உள்பக்கத் தசைநாரை இழுக்கும். தலையைத் தூக்கியே வைத்து நீந்தினால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக் இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். தோள் வலி வந்தால் தூரத்தைக் குறையுங்கள், கோச்சிடம் கை வீச்சைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு குறை மட்டும் உண்டு: உடம்பின் எடையை நீர் தாங்கிவிடுவதால் எலும்புக்கு நீச்சலால் பெரிய பலம் கிடைக்காது. அதனால் நீச்சலோடு கூட, வாரம் இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தொடங்கினால் போதும். தொடைத் தசை வலுத்தால் முழங்கால் வலியும் குறையும்.

நீந்தும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, படபடப்பு, கண் இருட்டுவது, வேகத்துக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல், நுரையோடு இருமல் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் அத்தோடு நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், அல்லது நன்றாக நீந்தத் தெரிந்தும் காரணம் புரியாமல் மூழ்கியிருந்தால், ஈசிஜி எடுத்துக் காட்டிய பிறகே நீந்த வேண்டும். நீந்துவதே தூண்டுதலாக அமையும் ஒரு பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு உண்டு. உங்களுக்கு பிபி, சுகர் இரண்டும் இருப்பதால் இதய மருத்துவரை ஒருமுறை பார்த்து, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். முழங்கால் வலியைச் சொன்னால் வேறு வகைப் பரிசோதனை செய்வார்.

கடிதத்தின் ஓரத்தில், நாடித்துடிப்பு ஏறுவதற்காக நீந்தும் நாட்களில் மெட்டோப்ரோலாலை மதியத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த வகை மாத்திரையைத் திடீரென விட்டாலோ தாறுமாறாக எடுத்தாலோ துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட மேலே எகிறலாம். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு நீந்திய நாள், நீந்தாத நாள் இரண்டிலும் காலையில் எழுந்ததும் பிபி-யும் சுகரும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்து. அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பதை உங்கள் மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்வார்.